குடைக்காரன் விழுந்த இடம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை மறந்துவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் காலமெல்லாம் அறிவிப்பு செய்து ஓய்வுபெற்ற அப்பா, மகளையும் மகனையும் எதிரே உட்காரவைத்துத் தொண்டையைச் செருமினார். "கவனிக்கவும். எனது இரண்டாவது திருமணம் அடுத்த மாதம் குறித்த நேரத்தில் நடைபெறும். மணமகள், தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடை அம்மாள்" என்றார். பழக்கதோஷத்தில் அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

அவர் ஓய்வுபெற்றாலும் அந்தக் குரல் ஓய்வுபெறவில்லை. அவர் "தண்ணி கொண்டா" என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

மகள் ஒரு பல் டாக்டர். கை கழுவக்கூட இல்லை, எழுந்து நின்றாள்.

"ஓட்டத்துல பாத்துக்கலாம்" என்றாள்.

மற்ற வீடுகளில் தகராறு வந்தால் கத்துவார்கள், கதவைச் சாத்துவார்கள். இந்த வீட்டில் ஓடுவார்கள். டிவியில்தான். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாங்கிய ஒரு கேம் பெட்டி, அதில் செருக ஒரே ஒரு கேசட். மழைக்கோட்டு போட்ட குள்ளமான ஆள் ஒருவன் குடையும் கையுமாக மொட்டைமாடி மொட்டைமாடியாக வலது பக்கம் ஓடுவான். காக்காய் வந்தால் குடையால் அடிப்பான். இரண்டு மாடிகளுக்கு நடுவே சந்து வந்தால் தாண்டுவான். அந்த வீட்டில் அதற்குக் குழி என்று பெயர். எதற்காக இப்படித் தலைதெறிக்க ஓடுகிறான் என்று ஒருநாள் பிள்ளைகள் கேட்டபோது, "எங்கயோ துணி காயப்போட்டுட்டு வந்திருக்கான்" என்றாள் அம்மா. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஓட்ட விதிகளையும் அம்மாதான் வகுத்தாள். ஆளுக்கு ஒரு லைஃப். யார் அதிக தூரம் போகிறாரோ அவர் பேச்சுதான் பேச்சு. தோற்றவர் அதைப் பற்றி ஜென்மத்துக்கும் மூச்சு விடக்கூடாது. ஓட்டத்துக்கு முந்தின வாரம் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது.

ஜன்னலோரப் படுக்கை யாருக்கு என்பதில் தொடங்கி எல்லாமே இப்படித்தான் தீர்ந்தன. மகள் பல் டாக்டருக்குப் படித்ததும் ஓட்டத்தில் ஜெயித்துத்தான். மெத்தை வியாபாரியைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். மூன்றாவது லெவலில் ஒரு காக்காய் அப்பாவைக் கொத்தித் தள்ளியிராவிட்டால் அந்தக் கல்யாணமே இல்லை. சம்பந்தி வீட்டாருக்கு அந்தக் காக்காயைப் பற்றி இன்றுவரை தெரியாது.

ஆக, ஓட்டம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. ஓட்டத்தால் ஆன வாழ்க்கை அவளுடையது.

அம்மாவிடம் ஒரு வித்தை இருந்தது. முதல் லெவலில் வரும் மூன்றாவது தண்ணீர்த் தொட்டியில் ஓர் உபரி லைஃப் ஒளிந்திருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். தொட்டியை நெருங்கியதும், "எல்லாரும் கண்ண மூடுங்க, அவன் துணி மாத்தறான்" என்பாள். மூடுவார்கள். டிங் என்று சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் ஒரு லைஃப் கூடியிருக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த ரகசியத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

ஓட்டத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை. மெத்தை வியாபாரி காப்பிக் கோப்பையோடு ஹாலில் வந்து உட்கார்ந்தார். ஊரையே தூங்கவைப்பவர், ஒரு வாரமாகத் தான் தூங்கவில்லை. மனைவியின் ஜாய்ஸ்டிக் விடியும் முன்பே டக் டக்கென்று ஆரம்பித்துவிடுகிறது.

பழைய ஆட்டங்களையெல்லாம் உள்ளே அடைத்து, சோப்புப் பெட்டி அளவில் சில வருஷமாக விற்கிறார்களே, அதில் ஒன்றை அவள் வாங்கிவந்திருந்தாள். ஹாலில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. பெட்டியைத் தொடக்கூடாது என்பது விதி. எந்தப் பெட்டி என்று விதியில் இல்லை.

முதல் இரண்டு நாள் விழுந்துகொண்டே இருந்தாள். பிறகு கட்டைவிரலுக்குப் பிடிபட்டுவிட்டது. க்ளினிக்கிலும் அது சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த ஒரு பேங்க் மேனேஜரிடம் தன்னை மறந்து "குதி!" என்றாள். அவர் குதித்தார். நல்லவேளை, பல் இடுக்கியோடு வந்துவிட்டது.

"இன்னியோட முடிஞ்சிடுமா?" என்றார் கணவர்.

"முடிஞ்சிடும். நாலாவது லெவல் வரைக்கும் கண்ண மூடிட்டே போவேன்."

"நீ ஜெயிச்சா மாமா கல்யாணம் நின்னுடும்."

"அதுக்குத்தானே ஆடறேன்."

"நின்னா, அவர் சாயங்காலத்துல எங்க போவாரு?"

"இப்ப மட்டும் எங்க போறாராம்?"

"அதான் எனக்கும் தெரியல. ஒரு வாரமா ஃபோன் போட்டா, 'தாங்கள் அழைக்கும் நபர் வெளியே சென்றுள்ளார்'னு அவரே சொல்லிட்டு வெக்கிறாரு."

கல்யாணம் வேண்டாம் என்பதற்கு அவள் கணவரிடம் சொன்ன காரணம், அப்பாவின் வயசு. தம்பியிடம் சொன்னது, அப்பாவின் பிரஷர். யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அப்பா வீட்டு டிவியின் மேல் அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அம்மா கடைசியாகக் கழற்றி வைத்த இடத்திலேயே, மடித்தபடி. புதிதாக ஒருத்தி வீட்டுக்குள் வந்தால் முதல் நாள் துடைப்பாள், இரண்டாம் நாள் இழுப்பறையில் வைப்பாள், மூன்றாம் நாள் இழுப்பறையையே மாற்றுவாள். அவ்வளவுதான் காரணம். வாய்விட்டுச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்பதால் பிரஷர் என்று சொல்லியிருந்தாள்.

*

அப்பா வீட்டில் தம்பி முன்கூட்டியே வந்து பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கியிருந்தான். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். உலகத்தில் எல்லோரும் கிளட்சைத் தப்பாக மிதிக்கிறார்கள் என்பது அவன் கொள்கை. அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டின் அம்பயர் அவன்தான்.

டிவி அதே பழைய தொப்பை டிவி. வாங்கிய அன்று அதைத் தூக்கி வந்த இருவரில் ஒருவர் இன்னும் நிமிரவில்லை என்று அப்பா சொல்வார். இப்போதைய டிவியின் மேல் ஒரு கொசு உட்கார இடமில்லை. இதன் மேல் ஒரு குடும்பத்தையே குடிவைக்கலாம். அங்கே இருந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

சின்ன வட்டக் கண்ணாடி. அம்மா வாழ்நாளில் வைத்துக்கொண்ட ஒரே ஜோடி. அதன் காதுக் கம்பி வாரம் தவறாமல் கழன்றுவிடும். தெருமுனைக்குப் போய் முடுக்கிக்கொண்டு வர அம்மாவுக்கு ஒரு மத்தியானம் பூராவும் ஆகும்.

சோபாவின் ஓரத்தில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, டாக்டருக்காகக் காத்திருக்கும் நோயாளி மாதிரி கண்ணாடிக்கடை அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டாக்டர்."

"வந்தேன்" என்றாள். பிறகு தம்பியைத் தனியாக இழுத்தாள். "இவங்க எதுக்குடா?"

"கட்சிக்காரங்க கூட இருக்கலாம்க்கா. அம்மா விதி. உன் கல்யாண ஓட்டத்தப்போ மெத்தை அத்தான் இதே சோபாவுல உக்காந்து நகத்தைக் கடிச்சிட்டிருக்கல? நகம் தீந்துபோயி உன் துப்பட்டாவக் கடிச்சாரு."

தம்பி டிவியைத் துடைக்கத் துணியோடு போனான். கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினான்.

"அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும் தம்பி. சுத்தித் துடைங்க" என்றார் கண்ணாடிக்கடை அம்மாள்.

பல் டாக்டருக்கு அது காதில் விழுந்தது. விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

உள்ளறையிலிருந்து அப்பா வந்தார். புதுச் சட்டை. இஸ்திரி மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும்.

தம்பி கேசட்டை எடுத்து ஊதினான். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஊதாமல் போட்டுப் பார்க்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

"இந்த ஒரு வாரத்துல யாராவது பெட்டியத் தொட்டீங்களா?"

"தொடல" என்றாள் மகள்.

"தொடல" என்றார் அப்பா.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. தம்பி இரண்டு பேரையும் கார்க் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். "சரி. ஓட்டம் கேட்டவங்க முதல்ல."

அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஆட்டத்தின் இசை தொடங்கியது. குடைக்காரன் ஓடினான். முதல் காக்காயை அடித்தாள். முதல் குழி வந்தது. கட்டைவிரல் தானாகவே அழுத்தியது. குடைக்காரன் குதித்தான். ஒரு சாண் குறைவாகக் குதித்தான்.

விழும்போது ஒரு இசை வரும். யாரோ மாடிப்படியில் பாத்திரத்தை உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். 

"அக்கா, அது முதல் குழி."

"தெரியுது."

"ஒரு தடவை பூனை ஜாய்ஸ்டிக்க மிதிச்சித் தாண்டின குழி."

"டேய்!"

இனி அப்பாவுக்கு வேலை சுலபம். அந்த ஒரு குழியைத் தாண்டினால் போதும், கல்யாணம். அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். போகும்போது அந்தக் கண்ணாடியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தாள்.

அப்பா ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். குடைக்காரன் ஓடினான். காக்காய் செத்தது. குழி வந்தது. அப்பாவின் கட்டைவிரல் அழுத்தியது.

பாத்திரம் மறுபடி மாடிப்படியில் உருண்டது.

தம்பி டிவியையே வெறித்தான். பிறகு அப்பாவை. பிறகு அக்காவை.

"அவ குதிச்ச அதே இடத்துல குதிச்சீங்க" என்றான்.

"வம்சம்" என்றார் அப்பா.

"வம்சமெல்லாம் இல்ல. ரெண்டு பேரும் புது டிவில பழகியிருக்கீங்க."

அப்பா ஜாய்ஸ்டிக்கை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"புது டிவில பட்டன அமுக்கினா அவன் ஒரு கண்சிமிட்டு கழிச்சித்தான் குதிப்பான். அதுக்குப் பழகிட்டு ரெண்டு பேரும் முன்னாடியே அமுக்கறீங்க. இது பழைய டிவி. அமுக்கின உடனே குதிச்சிடுவான். என் ஸ்கூல்ல தினம் பாக்கறேனே, பசங்க அவங்கவங்க மாமா வண்டியத் திருட்டுத்தனமா ஓட்டிட்டு, என்கிட்ட வந்து ஸ்டீரிங்கையே பாக்காத மாதிரி மூஞ்ச வெச்சிப்பாங்க. பிரேக்ல கால வெச்ச உடனே குட்டு உடைஞ்சிடும்."

"நான் பெட்டியத் தொடல" என்றாள் அக்கா. "அதாவது, இந்தப் பெட்டிய."

"நானும் இந்தப் பெட்டியத் தொடல" என்றார் அப்பா.

"இப்ப சொல்லுங்க வம்சம்னு" என்றான் தம்பி.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பா, உங்ககிட்ட புது டிவியே இல்லையே. எங்க பழகினீங்க?"

அப்பா அடுத்த ரயிலின் நேரம் எழுதியிருப்பதுபோல உத்தரத்தைப் பார்த்தார்.

"கடைக்குப் பின்னாடி, எங்க வீட்டுல" என்றார் கண்ணாடிக்கடை அம்மாள்.

"உங்க வீட்டுல இந்தப் பெட்டி எதுக்கு?"

"இருந்தது" என்றார் அவர். கைப்பையின் ஜிப்பைத் திறந்து, பிறகு மூடினார்.

அவள் அடுத்த கேள்வியை எடுப்பதற்குள் தம்பி கையைத் தூக்கினான். "விசாரணை அப்புறம். ரெண்டு பேரும் கள்ளாட்டம், ரெண்டு பேரும் ஒரே குழி. அதனால இது சமம். சமத்துக்கு அம்மா விதி என்ன?"

விதி எல்லோருக்கும் தெரியும்.  விழுந்த இருவரும் ஒரே ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க வேண்டும். இடது பக்கம், ஓடுவது, பெரியவருக்கு. வலது பக்கம், குதிப்பது, சின்னவருக்கு. சேர்ந்து தாண்டினால் கேட்டது கிடைக்கும். விழுந்தால் அந்தப் பேச்சே முடிந்தது. ஜன்னலோரப் படுக்கை விஷயத்தில் அக்காவும் தம்பியும் இப்படித் தாண்டி, ஒரே படுக்கையில் இரண்டு பேரும் படுத்து, ஜன்னல் பக்கம் யார் கால் என்று மறுநாளே அடுத்த ஓட்டம் வைத்தார்கள்.

அப்பா சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சின்ன ஜாய்ஸ்டிக். அவர் தோள் அவள் தோளில் இடித்தது. தொண்டைக்கு அவர் எப்போதும் போட்டுக்கொள்ளும் மிட்டாயின் வாசனை வந்தது.

இப்போது அவளுக்குக் குதிக்க வேண்டிய நேரம் தெரியும். ஒரு கண்சிமிட்டு பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். குதிக்காமலிருக்கும் வழியும் தெரியும். அமுக்காமல் இருந்தால் போதும். அதற்கு ஒரு வாரப் பயிற்சி தேவையில்லை. யாரும் கேட்கப் போவதில்லை. விரல் வழுக்கிவிட்டது என்றால் தீர்ந்தது.

"ரெடியா? கிளட்ச விடுங்க" என்றான் தம்பி.

அப்பாவின் கட்டைவிரல் ஓடும் பட்டனை விட்டு விட்டு அழுத்தியது.  குடைக்காரனும் விட்டு விட்டு ஓடினான்.

"பாப்பா, அவசரப்படாத" என்றார் அப்பா.

அறிவிப்புக் குரல் இல்லை. அந்தக் குரலுக்கு அடியில் அப்பாவுக்கு வேறொரு குரல் இருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இரண்டாம் முறை சொல்லவும் இல்லை.

காக்காய் வந்தது, அவள் அடித்தாள். குழி தெரிந்தது. அதற்கு மேலே, டிவியின் உச்சியில், சுற்றித் துடைத்த இடத்தின் நடுவே அந்தக் கண்ணாடி இருந்தது. குடைக்காரனின் செருப்பு நுனி சுவரின் விளிம்பைத் தொட்டது.

அமுக்கினாள்.

குடை விரிந்தது. அவன் காற்றில் மிதந்து, எதிர்மாடியில் இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடினான்.

"தாண்டியாச்சு" என்றான் தம்பி. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். கேசட் தூசி என்று பிற்பாடு சொன்னான்.

அப்பா அறிவிக்க வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ரயில் வந்த பிறகு அறிவிப்பு எதற்கு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஓட்டம் முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரும் ஜாய்ஸ்டிக்கை விடவில்லை. லைஃப் இன்னும் கையில் இருக்கிறது, குடைக்காரன் ஓடிக்கொண்டிருக்கிறான், நடுவில் நிறுத்துவது மரியாதையில்லை. முதல் தொட்டியைத் தாண்டினார்கள். "குனிங்கப்பா, குனிங்க!" "குனிஞ்சிட்டேன், நீ அடி!" இரண்டாவது தொட்டியும் போயிற்று.

மூன்றாவது தொட்டி வந்தபோது அப்பா பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தம்பியும் மூடினான். அவளுக்கும் இமை பாதி இறங்கிவிட்டது.

"நில்லுங்க" என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். "தொட்டிக்கு அந்தப் பக்கம் போங்க. திரும்பி நிக்கணும். ரெண்டு தடவ குனிங்க. இப்ப குதி டாக்டர்!"

பேங்க் மேனேஜர் குதித்த மாதிரியே அவள் விரல் குதித்தது.

டிங்.

மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் குடை தொட்டியிலிருந்து துள்ளி விழுந்தது. இத்தனை வருஷமாக மூடிய கண்களுக்குள் கேட்ட சத்தத்தை மூன்று பேரும் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

அப்பாதான் முதலில் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது அவருக்கும் செய்திதான் என்று.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "நான்கூட உனக்குச் சொல்லலையே. எனக்கே தெரியாதே."

கண்ணாடிக்கடை அம்மாள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

பல் டாக்டர் டிவியின் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதன் காதுக் கம்பியையும், கம்பியை இணைக்கும் அந்தக் கடுகளவு திருகாணியையும் பார்த்தாள்.

"ஒரு திருகாணிய முடுக்க ஒரு மத்தியானம் ஆகுமா?" என்றாள் மெதுவாக.

"அது நாங்க எந்த லெவல்ல இருந்தோம்ங்கறதப் பொறுத்தது டாக்டர்."

திரையில், தன்னை ஓட்டுவதற்கு யாரும் இல்லாமல் குடைக்காரன் தொட்டியடியில் நின்று காலால் தாளம் தட்டினான்.

"உங்கம்மாவோட கடைசி ஆட்டம் முடியல" என்றார் கண்ணாடிக்கடை அம்மாள். "எட்டாவது லெவல்ல, பாதில நிறுத்திட்டுப் போனாங்க. புதுப் பெட்டில அப்படி விட்ட இடத்துலயே நிறுத்தி வெச்சிக்கலாம். எங்க வீட்டுல இன்னும் அப்படியேதான் நிக்குது. நான் தொடல."